தாமிரபரணிக் கரையில் மூன்று நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள், மனைவி, மூட்டுவலி உள்ள எழுபது வயது அம்மா, பத்து வயது மகள் என்று நாலு பேர் கோயம்புத்தூரிலிருந்து ஜனவரிக் கடைசியில் மூன்று நாள் வருகிறீர்கள். பாபநாசம், பாணதீர்த்தம், மாஞ்சோலை, குற்றாலம், நவதிருப்பதி, நவகைலாயம், ஆதிச்சநல்லூர், திருச்செந்தூர் என்று எட்டுப் பெயரை எழுதி, "எல்லாம் முடியுமா, எந்த வரிசையில் போகலாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரி: "அம்மாவுக்கு ஆற்றைப் பார்த்தால் போதும்." அதுதான் நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எட்டும் முடியாது. எப்படியாவது முடித்தாலும் ஆற்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஐந்தாறு பாலங்களைக் கார் கண்ணாடி வழியாகக் கடந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

நான் பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் அம்பாசமுத்திரம் பக்கம், பாதிக் காலம் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அதனால் அணைக்கட்டு, கால்வாய், மடை, எப்போது தண்ணீர் வரும், எப்போது நிற்கும், இதெல்லாம் தெரிந்து சொல்வேன். கோவில் சிற்பம், கல்வெட்டு பற்றிச் சொல்வது படித்ததும் கேட்டதும். நான் அதில் நிபுணன் இல்லை. வனத்துறை விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறும். அதில் நான் இன்று சொல்வதை நீங்கள் வரும் வாரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

ஆறு மொத்தமே ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேருகிற, தண்ணீருக்குப் பக்கத்து மாநிலத்தை எதிர்பார்க்க வேண்டாத ஆறு. தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும், வடகிழக்கும் கிடைக்கும் என்பதால் வற்றாமல் ஓடுகிறது. மலையை விட்டு இறங்கியதும் எட்டு அணைக்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தியவை. எட்டாவது மட்டும் 1870-களில் கட்டியது. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து, மொத்தம் 86,000 ஏக்கருக்கு மேல் நனைக்கிறது. நீங்கள் பார்க்க விரும்பும் சின்ன ஊர்கள் எல்லாமே இந்தக் கால்வாய்களின் ஓரத்தில் முளைத்தவைதான். ஆகவே என் யோசனை ஒன்றுதான்: தண்ணீர் போகிற திசையிலேயே நீங்களும் போங்கள். மேற்கே ஆரம்பித்துக் கிழக்கே முடியுங்கள். முதல் நாள் மலையடிவாரம், இரண்டாம் நாள் நடு ஆறு, மூன்றாம் நாள் கீழாறு.

ஜனவரிக் கடைசி நல்ல தேர்வு. எங்களுக்கு இரண்டு பருவம். கார் பருவத்துக்கு வழக்கமாக ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தண்ணீர் விடுவார்கள். பிசானத்துக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. அணையில் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே போகும். ஜனவரியில் பிசான நெல் வளர்ந்து நிற்கும், கால்வாய் கரை தட்டி ஓடும், வெயிலும் சுடாது. ஏப்ரல், மே மாதம் வந்தால் ஆற்றில் தண்ணீர் இருக்கும், ஆனால் கால்வாய்கள் காய்ந்து கிடக்கும், வயல் கட்டாந்தரையாக இருக்கும். "பச்சைப்பசேல் என்றார்கள், ஒன்றையும் காணோமே" என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில் வந்தவர்கள். குற்றாலத்தை இதனாலேயே உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அங்கே சாரல் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தவிர அது சிற்றாற்றின் ஊர். சிற்றாறு கீழே சீவலப்பேரியில் வந்துதான் தாமிரபரணியோடு சேர்கிறது. அதற்குத் தனியாக ஒரு ஆடி மாதம் வாருங்கள்.

முதல் இரவு அம்பாசமுத்திரத்தில் தங்குங்கள். அம்பை என்றுதான் எல்லோரும் சொல்வோம். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று ஊர்கள் வரிசையாக வரும். கார் வேண்டாம் என்று சொல்ல இந்த ரயில்தான் காரணம். கல்லிடைக்குறிச்சி தென்கரை, அம்பை வடகரை. இரண்டுக்கும் நடுவே ரயில் ஆற்றைக் கடக்கும்போது மகளை வலது இடது இரண்டு ஜன்னலுக்கும் ஓடவிடுங்கள். மேற்குப் பக்கம் பார்த்தால் மலை சுவர்போல நிற்கும். அம்மாவுக்கும் உட்கார்ந்த இடத்திலேயே ஆறு தெரியும்.

அம்பையிலிருந்து பாபநாசத்துக்கு அடிக்கடி டவுன் பஸ் உண்டு. வழியில் விக்கிரமசிங்கபுரம் வரும்; பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் ஆற்றுத் தண்ணீரின் வேகத்தை நம்பி அங்கே பஞ்சாலை வைத்தார்கள், அந்த ஆலையைச் சுற்றித்தான் ஊரே பெருத்தது. பாபநாசத்தில் கோவில் சாலையோரத்திலேயே இருக்கிறது, அம்மாவுக்குச் சிரமமில்லை. உலகம்மை சந்நிதி முன்னால் உரலில் பெண்கள் விரலி மஞ்சள் இடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொடி அம்மனின் அபிஷேகத்துக்குப் போகும். உங்கள் மகளுக்கு உலக்கை பிடிக்க ஒரு வாய்ப்பு. எதிரே படித்துறை. இங்கே ஒரு கசப்பான சங்கதியும் சொல்ல வேண்டும். பரிகாரம் என்று குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அந்தத் துணி பாறை இடுக்கில் சிக்கும், மீனைக் கெடுக்கும், கீழே மடைக்கதவுகளில் வந்து அடைக்கும். ஷட்டரை இறக்க முடியாமல் எங்கள் லஸ்கர்கள், அதாவது மடைக் காவல் பணியாளர்கள், கழுத்தளவு தண்ணீரில் நின்று ஈரச் சேலைகளை உருவியெடுத்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

குளிக்கலாமா என்றால், படித்துறையில் படியைப் பிடித்துக்கொண்டு குளிக்கலாம். பாறைகளைத் தாண்டி நடு ஆற்றுக்குப் போக வேண்டாம். மேலே மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறந்தால், வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாளிலும் ஆற்றின் மட்டம் சட்டென்று ஏறும். பாபநாசம் மின் நிலையம் 1944-லிருந்து ஓடுகிறது. வெளியூர்க்காரர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். கோவிலுக்கு மேலே அகத்தியர் அருவி, அதற்கும் மேலே கல்யாண தீர்த்தம். அங்கே படி ஏற வேண்டும், அம்மாவைக் கீழேயே உட்காரவைத்துவிடுங்கள். கல்யாண தீர்த்தத்தில் தண்ணீர் அசையாத கண்ணாடிபோல இருக்கும், ஆழம் தெரியாது. 1925 ஜூனில் வ.வே.சு. ஐயர் இங்கேதான் இறந்தார். தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து, இருவருமே போய்விட்டார்கள். அவர் நடத்திய, சாதி வேறுபாட்டுப் பந்தியால் பெரிய சர்ச்சையான குருகுலம் இருந்தது இதே ஆற்றங்கரையில், சேரன்மகாதேவியில்தான்.

பாணதீர்த்தம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அது காரையார் அணை நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் விழுகிற அருவி. முன்பெல்லாம் படகில் கடந்து போவார்கள். பல வருடங்களாகப் பொதுமக்களுக்குப் படகு இல்லை. அவ்வப்போது "திறக்கப் போகிறார்கள்" என்று செய்தி வரும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். காரையார் வரை போக வனச்சோதனைச் சாவடியில் அனுமதிக்கிறார்களா என்று அன்று காலையில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தால் சொரிமுத்து அய்யனார் கோவில் வரை போய் வரலாம். அங்கே பட்டவராயனுக்குப் பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அவர் இரவில் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடப்பதால் தேய்ந்துபோகிறது என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசைக்கு மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம், அல்லது அதற்கென்றே போக வேண்டும். லட்சக்கணக்கில் கூட்டம், காட்டிலேயே குடில் போட்டுத் தங்குவார்கள். இந்தப் பகுதி முழுக்கக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு. பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சண்டை போடாதீர்கள்.

மாஞ்சோலையையும் இந்த முறை விட்டுவிடுவது நல்லது. மணிமுத்தாறு அணை வரை போவது எளிது. அதற்கு மேல் மலைச்சாலை மோசம், வண்டிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அம்மாவின் முதுகும் முழங்காலும் தாங்காது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம் அது. 2024-ல் தோட்ட வேலை நின்றுபோய், நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் கீழே இறங்க வேண்டி வந்தது. இதே தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். திருநெல்வேலியில் கொக்கிரகுளம் பாலத்தில் நிற்கும்போது என் வயதுக்காரர்களுக்கு அந்த நாள் நினைவுக்கு வராமல் இருக்காது.

இரண்டாம் நாளைக் கல்லிடைக்குறிச்சியில் தொடங்குங்கள். ஊருக்குப் பக்கத்தில்தான் கன்னடியன் அணைக்கட்டு. இதற்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரிக்குப் பெரும் பொருள் கிடைத்தது. அதை என்ன செய்வது என்று அகத்தியரைக் கேட்டானாம். "ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போ. அது நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விடும் இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் தோண்டு" என்றாராம். கதைதான். ஆனால் அந்தக் கால்வாயை அடி அடியாக நடந்து அளந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: மேடு பள்ளம் அறிந்து, கொஞ்சமும் அவசரப்படாமல், மாடு மேய்கிற மாதிரி வளைந்து வளைந்துதான் அது போகிறது. எங்கள் மட்டக்கருவி வைத்துப் போட்டாலும் பல இடங்களில் அதைவிட நல்ல பாதை அமையாது. சேரன்மகாதேவியில் மிளகுப் பிள்ளையார் என்று ஒருவர் இருக்கிறார். மழை பொய்த்தால் அவர் மேல் மிளகை அரைத்துப் பூசிக் குளிப்பாட்டுவார்கள், கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிடும் என்று விவசாயிகள் சொல்வார்கள். நாங்கள் ஷட்டரைத் திறந்ததும் பிள்ளையாரின் கணக்கில்தான் சேரும். எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். வாங்குங்கள், ஆனால் அதோடு ஊரை முடித்துவிடாதீர்கள். அக்கிரகாரத் தெருக்கள் நீளமானவை, திண்ணை உள்ள வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. முத்துசுவாமி தீட்சிதர் இவ்வூர் லட்சுமி வராகப் பெருமாள் மீது ஆபோகியில் ஒரு கீர்த்தனை பாடியிருக்கிறார். குலசேகரமுடையார் கோவிலுக்கும் போய்வாருங்கள். அங்கிருந்த நடராஜர் செப்புத்திருமேனி 1982-ல் திருடு போனது. பல கை மாறி ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. 2019-ல் திரும்பி வந்தது. அது ஊருக்குள் வந்த நாள் கல்லிடைக்காரர்களுக்குத் திருவிழா. திருடு போனபோது சின்னப் பையனாக இருந்தவர்கள் பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

கல்வெட்டு, பழைய கட்டடம் இவற்றில் உங்களுக்கு ஆசை இருந்தால் மன்னார்கோவிலையும் பிரம்மதேசத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டுமே அம்பைக்குப் பக்கம். மன்னார்கோவில் ராஜகோபாலசாமி கோவில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் சேர மன்னன் ஒருவன் கட்டி, ராஜேந்திர சோழ விண்ணகர் என்று சோழனின் பெயரையே வைத்தது. மாடம் மாடமாக ஏறினால் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருவார். இல்லையென்றால் நேரே வீரவநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திருப்புடைமருதூருக்குப் போய்விடுங்கள்.

மூன்று நாளில் ஒரே ஒரு இடம் என்றால் நான் திருப்புடைமருதூரைத்தான் சொல்வேன். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தை ஒட்டிய சிற்றூர். கடைத்தெரு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போங்கள். கோவிலுக்குப் பின்னால் அகலமான படித்துறை, இரு பக்கமும் பழைய மருத மரங்கள். மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று பறவைகள் கூடு கட்டும். இதைப் பாதுகாத்தது முதலில் ஊர் ஜனங்கள். அதன் பிறகுதான் 2005-ல் அரசு இதைப் பறவைகள் பாதுகாப்பிடமாக அறிவித்தது. நாறும்பூநாதர் லிங்கம் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட்டது சரியாகக் கேட்கச் சுவாமி தலையைச் சாய்த்தாராம். ராஜகோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் மரத்தூண்களில் செதுக்குவேலையும், சுவரெல்லாம் நாயக்கர் கால ஓவியங்களும் உண்டு. போர்க்களம், ராமாயணம், குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கூட இருக்கிறது. பெரும்பாலும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். கோவில் அலுவலகத்தில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மரப்படி செங்குத்து, அம்மா ஏற முடியாது. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது கீழேதான் இருக்கிறது. படித்துறையில் நிழல் விழும் படியாகப் பார்த்து உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருங்கள்.

திரும்புகையில் பத்தமடை. கோரைப்பாய் ஊர். நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாகக் கட்டி நெய்வார்கள். சாதாரணப் பாய் சில நாளில் முடியும். துணிபோல மடிக்கக்கூடிய பட்டுப்பாய்க்கு வாரக்கணக்கு ஆகும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து தருவார்கள். பஸ் நிலையத்துக் கடையில் நிற்காமல் தெருவுக்குள் போய்த் தறியைப் பார்த்து வாங்குங்கள். புவிசார் குறியீடு உண்டு. ஆனாலும் பத்தமடைப் பாய் என்ற பெயரில் மெஷின் பாயும் விற்கிறார்கள். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் இழை நெருக்கத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் இரவு திருநெல்வேலி. நெல்லையப்பர் கோவிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. மாலையில் ஐந்து மணிக்குக் குறுக்குத்துறைக்குப் போங்கள். ஆற்றுக்குள்ளேயே பாறையில் அமைந்த முருகன் கோவில். வெள்ளம் வந்தால் கோவில் மூழ்கும். உற்சவரையும் உண்டியலையும் கரையில் உள்ள மேலக்கோவிலுக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவித் திரும்பக் கொண்டுவருவார்கள். மேற்குப் பக்கம், அதாவது வெள்ளம் வந்து மோதும் பக்கம், சுவரைப் படகின் மூக்குபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பிளந்து இரு பக்கமும் வழிந்துபோகும். யார் கட்டியதோ, ஆற்றை எதிர்க்காமல் ஆற்றோடு இருக்கத் தெரிந்தவர். எங்கள் துறையில் புதிதாகச் சேரும் பையன்களை நான் முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது அந்தச் சுவரைத்தான். அதே மாலை சுலோச்சன முதலியார் பாலத்தையும் கீழே இறங்கி நின்று பாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் திறந்த பாலம் அது. பிற்பாடு அகலப்படுத்தினாலும் பழைய வளைவுகள் இன்னும் பாரம் தாங்குகின்றன. ஆனால் ஊருக்குக் கீழே ஆற்றில் சாக்கடை கலக்கிறது. திருநெல்வேலி தாண்டி எங்கேயும் நான் குளிக்கச் சொல்ல மாட்டேன்.

அல்வா வாங்காமல் போக மாட்டீர்கள். தாமிரபரணித் தண்ணீரால்தான் அந்த ருசி என்பார்கள், ஆற்றுத் தண்ணீரில் தாமிரச் சத்து இருக்கிறது என்பார்கள். இரண்டையுமே நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆற்றுக்குப் பழைய பெயர் பொருநை, நம்மாழ்வார் பாட்டில் பொருநல். தாமிரம் என்ற சொல் பெயரில் இருப்பதால் தண்ணீரிலும் இருக்க வேண்டும் என்று இல்லை. சம்பா கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்து, நெய் பிரியும்வரை கிண்டுகிற பொறுமையில்தான் ருசி என்பது என் கட்சி. சுடச்சுட இலையில் வாங்கி, கடை வாசலில் நின்றே தின்னுங்கள்; பெட்டியில் கட்டி ஊருக்குக் கொண்டுபோனால் அது வேறு பண்டம்.

மூன்றாம் நாள் திருச்செந்தூர் ரயிலில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குங்கள். நிலையம் இருப்பது தென்கரையில் புதுக்குடியில், ஊர் வடகரையில். நடுவே பாலம், பாலத்திலிருந்தே எட்டாவது அணைக்கட்டு தெரியும். என் கடைசி வருடங்கள் கழிந்த இடம். 1992 நவம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் இந்த அணைக்கட்டு இருந்த அடையாளமே தெரியாமல் தண்ணீர் போனது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் இந்த ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில்தான் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. நவம்பர், டிசம்பரில் வர நினைப்பவர்களுக்கு இதை ஒரு எச்சரிக்கையாகவே சொல்கிறேன்.

நவதிருப்பதி ஒரே நாளில் முடியுமா என்றால், முடியும். வண்டி அமர்த்தி, காலை ஏழு மணிக்குள் தொடங்கி, மதியம் நடை சாத்துவதை மனதில் வைத்துப் போனால் ஒன்பதும் ஆகும். அம்மாவுக்கு அது வேண்டுதல் என்றால் மூன்றாம் நாளை முழுசாக அவருக்கே கொடுத்துவிடுங்கள், நான் குறுக்கே பேசவில்லை. வேண்டுதல் இல்லையென்றால் ஸ்ரீவைகுண்டம், இரட்டைத் திருப்பதி, ஆழ்வார்திருநகரி மூன்றும் போதும். இரட்டைத் திருப்பதியில் ஊர் என்றே பெரிதாக ஒன்றும் இல்லை; வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே இரண்டு கோவில்கள், அவ்வளவுதான். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த உறங்காப் புளி. வைகாசியில் ஒன்பது பெருமாளும் கருட வாகனத்தில் இங்கே கூடுவார்கள். நவகைலாயம் இன்னும் பரந்து கிடக்கிறது, பாபநாசத்திலிருந்து சேர்ந்தபூமங்கலம் வரை. அவற்றில் பாபநாசமும் ஸ்ரீவைகுண்டமும் உங்கள் வழியிலேயே வந்துவிட்டன.

ஆதிச்சநல்லூர் ஸ்ரீவைகுண்டத்துக்கு மிக அருகில், தென்கரையில். 1876-ல் ஜெர்மானியர் ஜாகோர் முதலில் தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரே 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டினார். இப்போது தோண்டிய குழியை அப்படியே வைத்து, மேலே கண்ணாடி போட்டு நடக்கவிடுகிறார்கள். காலடியில் முதுமக்கள் தாழி. மகள் கேள்வி மேல் கேள்வி கேட்பாள், தயாராகப் போங்கள். வயது பற்றிக் கேட்டால் நிதானமாகச் சொல்லுங்கள். பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் உமி கி.மு. 1155 என்று ஆய்வகக் கணிப்பு வந்திருக்கிறது. இரும்பின் காலம் அதைவிட இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது என்று 2025-ல் அறிவித்தார்கள். அதன் மேல் அறிஞர்களுக்குள் விவாதம் நடக்கிறது. திருநெல்வேலிப் பெருமைக்காக அதை முடிந்த முடிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே பேச்சுதான் கொற்கையில் உள்ள வன்னி மரத்துக்கும். இரண்டாயிரம் வயது என்பது ஊர் வழக்கு. ஆனால் கொற்கை பாண்டியர் முத்துத் துறைமுகம் என்பதும், கிரேக்கர்கள் அதைக் கொல்கோய் என்று எழுதிவைத்தார்கள் என்பதும், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது என்பதும் உறுதி. துறைமுகத்தைப் பார்க்க வந்தவர்கள் வாழைத் தோட்டத்தைப் பார்த்து ஏமாந்து நிற்பார்கள். ஏமாற ஒன்றுமில்லை, அந்த வாழை நிற்பதே கடல் இருந்த இடத்தில்தான்.

நேரம் மிச்சம் இருந்தால் மட்டும் ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் வரை ஒரு வண்டி பிடித்துப் போங்கள். திருச்செந்தூருக்கு அது பக்கம்தான். ஆனால் திருச்செந்தூரையும் அதே நாளில் திணிக்காதீர்கள். கோவிலில் வரிசையிலேயே அரை நாள் போய்விடும். புன்னைக்காயல் மீனவ ஊர். 1586-ல் போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழில் அடியார் வரலாற்றை அச்சிட்டது இங்கேதான். முகத்துவாரத்தில் ஆறு கிளை பிரிந்து, சதுப்புக் காட்டுக்கு நடுவே, வேகம் எல்லாம் போய்க் கடலுக்குள் நழுவும். பாபநாசத்தில் பாறையில் மோதி இரைந்த அதே தண்ணீர்தான்.

திரும்பும் வழியில் ஆத்தூரில் வெற்றிலை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா வெற்றிலை போடுகிறவராக இருந்தால் மூன்று நாளில் அவருக்கு அதிகம் பிடித்தது இதுவாகக்கூட இருக்கலாம். வெற்றிலைக் கட்டை (கவுளி) ஈரத்துணியில் சுற்றி வாழைச் சருகுக்குள் வைத்துக் கேட்டால் கட்டிக் கொடுப்பார்கள். கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை வாடாது. பத்தமடைப் பாயை மட்டும் மடிக்காமல் சுருட்டியே கொண்டுபோங்கள், ரயிலில் மேல் பெர்த்தில் சாய்த்து வைத்தால் சரியாக இருக்கும்.